விட்டுப் படித்த பெயர்

மின்சாரம் நின்றுபோனதிலிருந்து ஷப்தாய் கம்ஹி வேலை பார்த்த பத்திரிகை ஒரே தாளாகச் சுருங்கிவிட்டது. அந்தத் தாளும் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்பக்கம் போர்ச் செய்தி, பின்பக்கம் ரேஷன் அறிவிப்பும் தண்ணீர் வண்டி வரும் தெருக்களின் பெயரும். கடற்கரையிலிருந்து மலையேறி வரும் சாலை 1948 முற்றுகையில் அடைபட்டுக் கிடந்ததால் டெல் அவிவ் பத்திரிகை எதுவும் ஜெருசலேமுக்குள் வரவில்லை. ஊருக்குள் அச்சாவதுதான் ஊருக்குச் செய்தி. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள்கூட அதன்மேல் துணி போட்டு மூடிவிட்டார்கள். அதனால் ஒரு வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, காலையில் தெருத்தெருவாகப் போய் வானொலிச் செய்தியை வாசித்தார்கள். ஷெல் விழும் நாட்களில் வண்டி வராது. பத்திரிகை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

அச்சுக்கூடம் ஒரு நிலவறையில் இருந்தது. மேலே தெருவோடு ஒட்டிய சின்ன ஜன்னல் ஒன்றுதான் வெளிச்சம். நடந்து போகிறவர்களின் செருப்பு அதில் தெரியும். ஷப்தாய் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரி கோத்தார். முப்பத்தொரு வருஷமாக அதே வேலை. துருக்கியர் போய் ஆங்கிலேயர் வந்த வருஷம் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றவர், ஆங்கிலேயர் போன அன்றும் அங்கேயேதான் நின்றார். விரல்கள் பெட்டியைப் பார்க்காமலே போய் எழுத்தை எடுத்துவரும். இந்த வசந்தத்தில்தான் முதல்முறையாக விரல் ஒரு அறைக்குள் போய் வெறுங்கையோடு திரும்பியது. 'ஸாயின்' எழுத்தின் அறை அது. எபிரேயத்தில் அதிகம் வராத எழுத்து; அதனால் வார்ப்பவர்கள் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் இறந்தவர் பெயருக்குப் பின்னால் போடும் இரண்டெழுத்துச் சுருக்கத்தில் அது ஒன்று. வரிசையாகப் பெயர் வந்ததில் ஸாயின் தீர்ந்துவிட்டது. பக்கத்து அச்சுக்கூடத்தில் போய் ஒரு பிடி கடன் வாங்கி வந்தார். அவர்களிடமும் நிறைய இல்லை.

அச்சு முடியப் பகல் இரண்டு மணி ஆகிவிடும். இரண்டு பேர் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மை காயாத ஒரு தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து, மூன்று மணி சுமாருக்கு ஷப்தாய் ஒஹெல் மோஷேயில் இருந்த தன் வீட்டு முற்றத்துக்கு வந்துசேர்வார். நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான முற்றம். நடுவில் மழைநீர்த் தொட்டி. அதற்குப் பூட்டுப் போட்டு, காலையில் ஒரு வாளி மட்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி லூனா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நிலவறையில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். ஒரு நாளில் அவர் வாயைத் திறந்து பேசுவதெல்லாம் அந்த மூன்று மணிக்கு எதிர்வீட்டு வாசலில்தான்.

எதிர்வீட்டில் ஓரோ பாப்போ இருந்தாள். நாற்பத்தாறு வயது. அவள் கணவன் மெர்காடோ பேக்கரியில் மாவு பிசைகிறவன். முற்றுகை வந்ததிலிருந்து ரேஷன் ரொட்டிக்காக இரண்டு முறை வேலை. அதனால் பேக்கரியிலேயே மாவு மூட்டைமேல் படுத்து, சனிக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வந்தான். ஒரே மகன் யோம்தோவ் படையில், ஊரின் வடக்கு எல்லைக் காவலில் இருந்தான். பத்தொன்பது வயது. பண்டிகை நாளில் பிறந்ததால் அந்தப் பெயர்.

ஓரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டு மொழி, ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள் பேசும் ஸ்பானியோல். சந்தைக்கு வேண்டிய எபிரேயம் நன்றாகப் பேசுவாள். பத்திரிகை எபிரேயம் வேறு. அதில் வாரத்துக்கு நாலு புதுச் சொல் பிறந்துகொண்டிருந்தது. ஷப்தாய் ஒரு வாக்கியத்தை எபிரேயத்தில் படித்து, உடனே அதை ஸ்பானியோலில் திருப்பிச் சொல்வார். அவள் கல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள். காலையில் வேலியோரமும் காலி மனையிலும் பறித்துவந்த குபேசாக் கீரை. அதை அவித்து, ரொட்டித் தூளைக் கலந்து, தட்டி, சொட்டு எண்ணெயில் பொரிப்பாள். விறகுக்கு உடைந்த நாற்காலி. படித்து முடித்ததும் அவருக்கு இரண்டு கிடைக்கும்.

ஒலிபெருக்கி வண்டிதான் காலையிலேயே எல்லாம் சொல்லிவிட்டதே என்று ஒருநாள் கேட்டார்.

"சொல்லுறான் சிந்யோர் ஷப்தாய், யார் இல்லேன்னா? ஆனா அவன் சொல்றது ஓடிருது. நீங்க படிச்சாத்தான் நிக்குது," என்றாள். "அதுவும் அந்த ஆளு பாதி எழுத்தை முழுங்கிடுறான். பாவம், ரேஷன் பத்தலை போல."

புதுச் சொற்களிலும் அவளுக்கு ஒரு ருசி உண்டு. பத்திரிகை ஆசிரியர் பீரங்கிக் குண்டுக்கு ஒரு புதுப் பெயர் வைத்த அன்று, ஷப்தாய் அதை இரண்டு முறை உச்சரித்துக் காட்டினார். "குண்டு அதேதானே? பேரு மட்டுந்தானே புதுசு?" என்று கேட்டுவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து பெயர்ந்துபோன கல்லைப் பார்த்து அந்தப் புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள்.

எல்லாம் படித்தபின் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள். "கறுப்புக் கட்டம் இருக்கா?" இறந்தவர் பட்டியலைக் கறுப்புக் கோட்டுக்குள் போடுவது வழக்கம். இருந்தால் ஒவ்வொரு பெயரையும் அவர் படிக்க, அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏதோ முணுமுணுப்பாள். தெரியாதவர்கள்தான். சில பெயருக்குக் கண் கலங்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. தணிக்கை அலுவலகத்து ஆள் கொண்டுவந்து ஆசிரியர் டாக்டர் வெக்ஸ்லரிடம் கொடுத்தார். வெக்ஸ்லர் போலந்துப் பக்கத்துக் கலீசியாக்காரர், குளிர்காலக் கோட்டை ஜூன் வெயிலிலும் கழற்றமாட்டார். அவர் அதை ஷப்தாயிடம் நீட்டி, கோத்து வைக்கும்படியும், ஆனால் அச்சேற்ற வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தபின்தான் போட வேண்டும்.

பன்னிரண்டு பெயர். ஏழாவது, யோம்தோவ் பாப்போ, மெர்காடோவின் மகன், வயது பத்தொன்பது.

ஷப்தாயின் கை எழுத்துப் பெட்டிமேல் நின்றது. முகவரியைப் பார்த்தார். பெய்த் இஸ்ராயேலில் ஒரு தெரு போட்டிருந்தது. ஒஹெல் மோஷே இல்லை. முகவரி வேறு, ஆளும் வேறாக இருக்கலாம் என்று நினைத்தார். பெய்த் இஸ்ராயேலில் ஓரோவின் அக்கா குடியிருந்ததும், யோம்தோவ் அங்கே தங்கித்தான் படையில் பெயர் கொடுத்தான் என்பதும், குண்டுக்குப் பயந்து அந்தத் தெருவே காலியாகிவிட்டதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் தள்ளி வைத்தார். பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: அடக்கம் இன்று, நான்கு மணி, ஷேக் பத்ர்.

மேசைக்குப் போய் வெக்ஸ்லரிடம் சொன்னார். இந்த ஏழாவது பையன் என் எதிர்வீடு. முகவரி தப்பு. நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்றார்.

வெக்ஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் ஒரு அம்மா ரொட்டி வரிசையில நின்னுட்டே நம்ம பேப்பரைப் பார்த்திருக்கா. பிள்ளை பேரு. அங்கேயே விழுந்துட்டா. அப்பத்தான் முடிவு பண்ணினேன், இனி நம்ம வாயால முதல்ல போகக்கூடாதுன்னு. இதுக்குன்னு ஆள் இருக்காங்க கம்ஹி. ரெண்டு பேரா வருவாங்க, ஒருத்தர் டாக்டர். நீங்க சொல்லி, அது வேற பையன்னு ஆயிட்டா?"

"வேற பையனா இருந்தா நல்லதுதானே."

"அவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் நல்லதா?" என்றார் வெக்ஸ்லர். பிறகு ஒரு சீட்டு எடுத்து, ஏழாம் பெயரின் முகவரி சரியில்லை, சரியான வீடு இது என்று எழுதி, அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார். ஷப்தாய்க்கு அதுவே போதுமாக இருந்தது. யாரோ வருவார்கள். வரவேண்டியவர்கள் வருவார்கள்.

அன்றும் மூன்று மணிக்குத் தாளோடு முற்றத்துக்கு வந்தார். கிழக்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஓரோ கீரையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் படித்தார். தண்ணீர் வண்டி, ரொட்டி அளவு, ஐக்கிய நாடுகளின் கூட்டம். வழக்கமான கேள்வி வந்தது. இல்லை என்றார். அது பொய்யில்லை, அன்றைய தாளில் கட்டம் இல்லை.

"அப்ப இன்னைக்கு நல்ல நாளு," என்று எழுந்து அடுப்புப் பற்றவைத்தாள். நாற்காலிக் கால் ஈரம், புகைந்தது. யோம்தோவ் சின்ன வயதில் பேக்கரியில் அப்பனோடு போய், மாவுத் தொட்டிக்குள் விழுந்து, வெள்ளையாக எழுந்துவந்த கதையைச் சொன்னாள். அந்தக் கதை ஷப்தாய்க்குத் தெரியும். அவளே சொல்லிச் சிரித்தாள். தெருக்கோடி ஜெபக்கூடத்துக் கடிகாரம் நாலு அடித்தது. அவர் தட்டிலிருந்த இரண்டையும் தின்றார். அவை வழக்கம்போல உள்ளே இறங்கியதுதான் அவருக்குப் பின்னால் வெகுநாள் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. நிலவறைக்கு வந்த தணிக்கை அலுவலக ஆளிடம் விசாரித்தார். போவார்கள், இன்றைக்கு அந்தப் பக்கம் குண்டு என்றார் அவர். பேக்கரிக்குப் போய் மெர்காடோவிடம் முதலில் சொல்லலாம் என்று ஷப்தாய் கிளம்பினார். பேக்கரி இருந்த தெருவை மறித்திருந்தார்கள். திரும்பி வந்தார். இன்னொரு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது; தாள் சட்டைக்குள் இருந்தது.

புதன்கிழமை பட்டியலைப் போடலாம் என்று உத்தரவு வந்தது. பன்னிரண்டு பெயருக்கும் எதிரே தெரிவிக்கப்பட்டது என்ற குறி. ஏழாவதற்கும். வெக்ஸ்லரின் சீட்டு போய்ச் சேராததும், பெய்த் இஸ்ராயேலில் காலியான வீட்டின் கதவில் ஒரு அறிவிப்பைச் செருகிவிட்டு வந்திருந்ததும் பின்னால்தான் தெரிந்தது. அன்று காலை ஷப்தாய் குறியைப் பார்த்ததும், அப்படியானால் ஓரோவுக்குத் தெரிந்திருக்கும், முற்றத்தில் இந்நேரம் அழுகை நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தார். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. முற்றத்துக்குள் நுழைந்தபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு லேட்டு," என்றாள்.

உட்கார்ந்தார். முன்பக்கம் முழுதும் படித்தார். பின்பக்கம் படித்தார். கேள்வி வந்தது. கட்டம் இருக்கிறது என்றார். இல்லை என்று சொல்ல முடியவில்லை. கறுப்புக் கோடு அவளுக்கும் கண்ணுக்குத் தெரியும். அவள் வந்து எதிரே உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

முதல் பெயரைப் படித்தார். அவள் முணுமுணுத்தாள். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது பையனுக்குப் பதினேழு வயது. "பால் குடிக்கிற பிள்ளை," என்று கண்ணைத் துடைத்தாள். ஆறாவது. ஷப்தாய் தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு எட்டாவது பெயரைப் படித்தார். அப்புறம் ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

நாளைக்கு விடிந்ததும் பேக்கரிக்குப் போய் மெர்காடோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று உறுதிசெய்தார். அவள் கொடுத்ததை வேண்டாம் என்றார். வயிறு சரியில்லை என்றார். அவள் விடாமல் புதினா போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தாள், தன் பங்குத் தண்ணீரிலிருந்து.

வியாழக்கிழமை அவர் பேக்கரிக்குப் போய், மெர்காடோவை வெளியே கூப்பிட்டு, சொல்லி, அவன் மாவு ஒட்டிய கையோடு தெருவில் உட்கார்ந்து, எழுந்து, இருவரும் நடந்து வந்துகொண்டிருந்த அதே நேரத்தில் தண்ணீர் வண்டிக்காக ஓரோ வரிசையில் நின்றாள். வாளி கையில். முன்னால் எட்டுப் பேர். ஒலிபெருக்கி வண்டி சந்தைப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. குண்டு இல்லாத காலை. குரல் தெளிவாகக் கேட்டது. செய்தியின் கடைசியில் பட்டியலை வாசித்தார்கள். நேற்றே கேட்ட பெயர்கள்தான் என்று அவள் பாதிக் காதாகத்தான் கேட்டாள். ஆறுக்குப் பிறகு ஒரு பெயர் வந்தது. அந்த ஆள் அன்றைக்கு ஒரு எழுத்தையும் முழுங்கவில்லை. தகப்பன் பெயரோடு, வயதோடு சொன்னார்.

அவள் சத்தம் போடவில்லை என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்றவளிடம், "எனக்கு இன்னைக்குத் தண்ணி வேண்டாம், நீ பிடிச்சுக்க," என்றாளாம்.

முற்றத்துக்குள் மெர்காடோவும் ஷப்தாயும் நுழைந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். மெர்காடோ அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டான். சுவரில் நெற்றியை வைத்தான். ஓரோ அவனைப் பார்க்கவில்லை. ஷப்தாயைப் பார்த்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை."

"அடக்கம் எப்ப?"

"அன்னைக்கே. நாலு மணிக்கு. ஷேக் பத்ர்ல."

அங்கிருந்து ஷேக் பத்ர் நடந்தால் இருபது நிமிஷம். 

"நாலு மணிக்கு நீ எங்க இருந்த ஷப்தாய்?"

இருபது வருஷத்தில் அவள் அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க," என்றார்.

"நான் என்ன செஞ்சுட்டிருந்தேன்? எனக்கு ஞாபகம் இல்ல. நீதான் பார்த்துட்டு இருந்த. சொல்லு."

"பொரிச்சிட்டிருந்தீங்க. அவன் மாவுத் தொட்டியில விழுந்த கதையைச் சொன்னீங்க."

"சிரிச்சேனா?"

மெர்காடோ சுவரிலிருந்து திரும்பி, வேண்டாம் என்பதுபோல் கையைத் தூக்கினான். ஷப்தாய் இந்த ஒரு முறை எதையும் மறைக்கவில்லை.

"சிரிச்சீங்க."

அவள் தலையாட்டினாள், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டதுபோல. "நேத்து பதினோரு பேரு படிச்ச. முன்னப்பின்ன தெரியாத பதினோரு பிள்ளைங்களுக்கும் நான் அழுதேன். என் பிள்ளைக்கு அழ விடல நீ."

"சொல்லத்தான் நினைச்சேன் சிந்யோரா ஓரோ. மெர்காடோ பக்கத்துல இருக்கும்போது..."

"எனக்காகச் சொல்லலைன்னு சொல்லாதே. உனக்காகச் சொல்லல. இன்னும் ஒரு நாளு இங்க வந்து உக்காரணும் உனக்கு," என்றாள்.

 செவ்வாய்க்கிழமை அந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போகாமல் ஏன் திரும்பினோம் என்று ஷப்தாய் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருந்த கேள்விக்கு அதுதான் பதில். அவள் துக்க முறைப்படி தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கிழித்துக்கொண்டாள். துணி கிழியும் சத்தம் முற்றம் முழுதும் கேட்டது. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

துக்கம் காக்கும் ஏழு நாளும் வீடு திறந்து கிடந்தது. ஜெபத்துக்குப் பத்து ஆண் வேண்டும். முற்றுகையில் பத்துப் பேர் சேர்வது கஷ்டம். ஷப்தாய் தினமும் போய்ப் பத்தாவது ஆளாக வாசல் ஓரம் நின்றார். மெர்காடோ மட்டும் ஒருமுறை அவர் கையைத் தொட்டு, உட்காருங்கள் என்றான். ஓரோ கண்ணைத் தூக்கவில்லை. ஆறாம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அன்று அவர் வெளியிலிருந்தே திரும்பிவிட்டார்.

ஏழாம் நாள் முடிந்த இரண்டாம் நாள் போர்நிறுத்தம் வந்தது. லாரிகள் மலையேறி வந்தன. உருளைக்கிழங்கு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, காகிதச் சுருள் வந்தது. பத்திரிகை நாலு பக்கமானது. டெல் அவிவிலிருந்து இரண்டு கிலோ ஸாயின் வார்த்து அனுப்பியிருந்தார்கள். வெக்ஸ்லர் பொட்டலத்தைப் பிரித்து ஷப்தாயின் முன்னால் வைத்துவிட்டு மேசைக்குப் போனார். மின்சாரமும் சில மணி நேரம் வர ஆரம்பித்ததும் முற்றத்தில் வானொலிப் பெட்டிகள் மறுபடி பேசின. மூன்று மணிக்கு ஷப்தாய் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பக்கத்தையும் தனக்குள் படித்தார். பழக்கத்தில் உதடு ஸ்பானியோலில் அசைந்துவிடும். நிறுத்திக்கொள்வார். சில வாரம் திங்கள் முதல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது, புதன்கிழமை ரொட்டிக் கடையில் குரல் கரகரத்தபோதுதான் அவருக்கே தெரியும்.

துக்கத்தின் முப்பதாம் நாளுக்கு மூன்று நாள் முன்னால் ஜன்னலில் ஒரு பெண்ணின் செருப்பு வந்து நின்றது. பிறகு படியிறங்கும் சத்தம். ஓரோ. கறுப்பு முக்காடு. நிலவறைக்குள் அவள் வந்ததே இல்லை. சுற்றிப் பார்க்கவுமில்லை. சுவரில் ஒட்ட நினைவு அறிவிப்பு வேண்டும் என்றாள். மற்ற அச்சுக்கூடங்களில் இப்போது சுவரொட்டி அடிப்பதில்லை என்றும் சொன்னாள், அவரைத் தேடி வந்ததாக அவர் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல.

அவள் ஸ்பானியோலில் சொன்னாள். அவர் எபிரேயத்தில் கோத்தார். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, எந்த நாள், எந்த இடத்தில் கூடுகிறோம். தாயின் பெயரும் வேண்டும் என்றாள். வழக்கமாகப் போடுவதில்லை. போட்டார். மை தடவி ஒரு புரூஃப் எடுத்து நீட்டினார். படித்துக் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாம்," என்றாள் ஓரோ.

தாளை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். ஷப்தாய் பின்னால் ஏறிக் கடைசிப் படிக்குக் கீழே நின்றார். தெருவில் வெயில். கண்ணாடி போட்ட ஒரு பெண் பையில் உருளைக்கிழங்கோடு வந்துகொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவள். ஓரோ அவளை நிறுத்தினாள். இதைக் கொஞ்சம் படிக்க முடியுமா, மெதுவா, எதையும் விடாமல் என்று சந்தை எபிரேயத்தில் கேட்டாள். அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். படித்தாள். ஓரோ தாளின்மேல் விரலை வைத்து, அவள் படிக்கப் படிக்க நகர்த்தினாள். வலமிருந்து இடமாக, வரி வரியாக. மகன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. இதுதானே என்று கேட்டாள். அந்தப் பெண் ஆமாம் என்றாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு முறையும் படித்தாள். படித்துவிட்டு ஓரோவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள், ஷப்தாய்க்குக் கேட்கவில்லை.

ஓரோ திரும்பி வந்து தாளை அவரிடம் நீட்டினாள்.

"சரியா இருக்கு," என்றாள். "அம்பது அடிங்க."

ஷப்தாய் கீழே இறங்கினார். சக்கரம் சுற்ற ஆளைக் கூப்பிடாமல், சின்னக் கையச்சில் ஒவ்வொன்றாகத் தானே அடித்தார். நேரம் ஆயிற்று. ஐம்பதும் காயும்வரை அவள் மேலே தெருவிலேயே நின்றாள். ஜன்னலில் அவள் செருப்பு தெரிந்துகொண்டிருந்தது, தெருவைப் பார்த்துத் திரும்பியபடி.